ஓடுதா சார்

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கழுத்தில் தொங்கும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருத்தரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில் அவருடைய வண்டி தெரிந்ததுமே "ஓடுதா சார் வந்துட்டாரு!" என்று கத்துவார்கள். இத்தனை வருஷம் கழித்து நினைத்துக்கொள்ளும்போது எனக்கும் அந்தப் பெயர்தான் முதலில் வருகிறது.

உத்திரமேரூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. நான் அங்கே நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தேன். ஒரகடம் பக்கம் பெரிய பெரிய தொழிற்சாலைகள் வந்த பிறகு, சனிக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு நிறத்தில் டி-ஷர்ட் போட்டவர்கள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள். பெஞ்சு கொடுப்பார்கள், சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், மரக்கன்று நடுவார்கள். நல்ல மனசோடுதான் வருவார்கள். மேடை ஏறுகிறவர் உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிற குடவோலைத் தேர்தலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசாமல் இறங்கமாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பஸ் கிளம்பிவிடும்.

அவர் முதலில் வந்ததும் அப்படி ஒரு பஸ்ஸில்தான். அவருடைய கம்பெனி எங்களுக்குக் குடிதண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் கொடுத்தது. திறந்து வைக்க அறுபது பேர் நீல டி-ஷர்ட்டில் வந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டி, கைதட்டி, எல்லாரும் வராண்டாவில் வரிசையாகப் படத்துக்கு நின்றார்கள். ஓர் ஆள் மட்டும் மெஷினுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். கழிவுத் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தடவிக்கொண்டே போய், சத்துணவுக் கூடத்தின் சுவரடியில் சேறாகி நின்றதைக் கண்டுபிடித்தார். டி-ஷர்ட்டெல்லாம் சேறு.

"டீச்சர், இது நின்னு போச்சின்னா யார கூப்புடுவீங்க?"

மெஷின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். அதில் ஒரு நம்பர் இருந்தது. அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் இந்தியில் ஏதோ எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். இன்னோர் எண்ணை அழுத்தச் சொன்னது. அதற்கப்புறம் வீணை வாசித்தார்கள். வீணை முடிந்து லைன் அறுந்து போகிறவரைக்கும் பொறுமையாகக் காதில் வைத்திருந்துவிட்டு, பேன்ட் பையிலிருந்து மார்க்கரை எடுத்து மெஷினின் பக்கவாட்டில் தன் நம்பரை எழுதினார்.

"நான் கம்பெனியில மெயின்டனன்ஸு. அங்க மெஷின் நின்னா எனக்குத்தான் போன் வரும். இதுவும் மெஷின்தானே?"

இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். திரும்பி வருகிறவர்கள் இல்லை. அவர் வந்தார். அவருக்கு வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை டூல்ஸ் பையை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு தனியாக வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "ஓடுதா?" என்றார். கழிவுக் குழாயை நீட்டி வாழைக்கன்றுப் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மாசம் ரெண்டு செவ்வாய் தவறாது.

கம்பெனி கொடுத்தது, வேறு கம்பெனி கொடுத்தது, சர்க்கார் கொடுத்தது என்கிற வித்தியாசமெல்லாம் அவருக்குக் கிடையாது. மணி ஓடுதா, ஃபேன் ஓடுதா, மாடியில் டேங்க் மோட்டார் ஓடுதா. எனக்கு முழங்கால் வலி என்று தெரிந்த பிறகு "டீச்சர், முட்டி ஓடுதா?" என்று கேட்பார். காலில் கட்டுப் போட்டிருந்த மூன்றாம் வகுப்புப் பையனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்க, அவன் சந்தோஷமாக மைதானத்தைச் சுற்றி நொண்டி நொண்டி ஓடிக் காட்டினான். பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது என்று சொல்லமுடியாது. சத்துணவு சமைக்கிற அம்மாவுக்கு ஒரே சந்தேகம். "கம்பெனிக்காரன் குடுத்தத திருப்பி எடுத்துக்கினு போறதுக்கு நோட்டம் பாக்கறான் டீச்சர். இல்லன்னா இவுரு ஏன் இம்மாம் பேஜார் படறாரு?" என்பாள். குடியரசு தினத்தன்று அவரை மேடையில் உட்காரவைத்தோம். முன்னால் பேசிய மூன்று பேரும் குடவோலை பேசி முடித்திருந்தார்கள். இவர் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு குடவோலை பத்தித் தெரியாதுங்க. அஞ்சாங் கிளாஸ்ல ரெண்டு ஃபேன் ஓடல. ஃபேன் குடுத்தவங்களுக்கு நன்றின்னு மட்டும் சொவுத்துல எழுதியிருக்கு. அத முடிச்சிட்டு வந்து பேசறேன்" என்று இறங்கிப் போய்விட்டார். திரும்பிப் பேச வரவே இல்லை. ஆனால் மிட்டாய் கொடுக்கும்போது அஞ்சாம் வகுப்பில் காற்று வந்தது.

எனக்கே அவர்மேல் ஒருமுறை ஆத்திரம் வந்தது. பாடம் காட்டுவதற்கு என்று ஒரு பெரிய டிவி கொடுத்திருந்தார்கள். அதை என் அறையில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அவர் கேட்டபோது, "போன வாரம்கூடப் போட்டோமே" என்றேன். துணியைத் தூக்கிப் பார்த்தார். திரையின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.

"இந்தத் தாளப் பிரிக்காமயேவா டீச்சர் பாத்தீங்க?"

அறை வாசலில் ரெண்டு ஆசிரியைகள் நின்றிருந்தார்கள். எனக்கு முகமெல்லாம் காந்தியது. "உடைஞ்சா என்னைத்தானே கேப்பாங்க? இன்ஸ்பெக்ஷனுக்கு வரவங்க கணக்குப் பார்ப்பாங்க, உங்களுக்கென்ன தெரியும்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "ஒடையட்டும் டீச்சர். ஒடைஞ்சா நான் வந்து பாத்துக்கறேன். ஒடையாமலே செத்துப்போற மெஷினுக்குத்தான் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

ரெண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் டிவியை ஏழாம் வகுப்பில் மாட்டச் சொன்னேன். தாளைப் பிரிக்கிற உரிமை யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் நடந்தவை. ஏரியின் கடைக்கோடியில் இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. இருபத்திரண்டு குடும்பங்கள். நடவு, அறுப்பு, செங்கல் சூளை என்று போகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்களிடம்தான் படித்தார்கள். அந்தக் குடியிருப்புக்குக் கம்பெனி ஆறு கதவு வைத்து, கழிப்பறையும் குளியலறையுமாக அழகான கட்டடம் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தது. டைல்ஸ் போட்ட கட்டடம். தண்ணீர் லைன் பஞ்சாயத்து இழுக்கும் என்று பேச்சு. ஒரு வருஷமாகியும் லைன் வரவில்லை.

என்னோடு ஒருநாள் அங்கே வந்தவர், வாசலில் நின்றிருந்த மங்காவைப் பார்த்துத் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மங்காவுக்கு ஐம்பது வயசு இருக்கும். குடியிருப்பில் எந்த விஷயமானாலும் அவள் வாயைத் தாண்டித்தான் வெளியே வரும்.

"இன்னாத்த ஓடறது? ஆடுதான் ஓடுது" என்றாள் மங்கா, முதல் கதவைத் திறந்து விட்டபடி. உள்ளிருந்து நாலு ஆடுகள் வெளியே ஓடின. ரெண்டாவது கதவுக்குப் பின்னால் விறகு. மூன்றாவதில் கோழி அடை காத்தது.

அவர் குழாயைத் திறந்து பார்த்தார். சிலந்தி ஒன்று வெளியே வந்தது. "அப்ப நீங்க எங்கம்மா போறீங்க?"

மங்காவின் சிரிப்பு நின்றது. "எங்க போறது? ஏரிக்கரைக்குத்தான். என் மருமவளுக்கு எட்டு மாசம். போன வாரம் மயையில கரையில வய்க்கி உயுந்துட்டா. சாமி புண்ணியம், வயித்துல பட்ல. டாக்டரம்மா திட்டறாங்க, வூட்டுலயே கக்கூஸ் இல்லையான்னு. கீதும்மா, டைல்ஸ் போட்டே கீது, ஆடு உள்ள கீதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் வெகுநேரம் அந்தக் காய்ந்த குழாயையே திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் இந்த உதவிகளையெல்லாம் பார்த்துக்கொண்டவள் திவ்யா என்ற பெண். கெட்டவள் இல்லை. நாற்பது கிராமங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறவள். இவர் மூன்று தடவை அவளுக்கு எழுதிப் போட்டார். "சார், கட்டடம் நம்ம வேலை, தண்ணி பஞ்சாயத்து வேலைன்னு கையெழுத்தாகியிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?" என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. பஞ்சாயத்தில் கேட்டால் மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் பெரிய இயக்குநர் வருகிறார் என்று தகவல் வந்தது. செய்த உதவிகளை நேரில் பார்க்கப்போகிறார். பார்க்கிற இடங்களின் பட்டியலில் அந்த ஆறு கதவுக் கட்டடம் முதலில் இருந்தது. திவ்யா என்னிடம் ஓடி வந்தாள். பிள்ளைகளின் கோலாட்டத்துக்கு நான் பொறுப்பு. ஆடுகளை ஒருநாளைக்கு வேறு இடத்தில் கட்டவேண்டும். டேங்கர் லாரி கொண்டுவந்து கூரைத் தொட்டியை நிரப்பிவிடலாம், அன்றைக்கு மட்டும் குழாயில் தண்ணீர் வரும். நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்டு எழுதியிருந்தேன்.

அன்று காலையில் வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, கட்டடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தொட்டி நிரம்பியிருந்தது. இயக்குநரின் கார் ஏரிக்கரையில் திரும்பும்போது, நீல டி-ஷர்ட் கூட்டத்திலிருந்து இவர் தனியாகப் போனார். டூல்ஸ் பையிலிருந்து ஆறு சிவப்புச் சீட்டுகளை எடுத்து, கதவுக்கு ஒன்றாகக் கம்பியால் கட்டினார். தொழிற்சாலையில் ஒரு மெஷின் பழுதானால் அப்படிச் சீட்டு மாட்டுவார்களாம். மாட்டியவனைத் தவிர வேறு யாரும், முதலாளியே ஆனாலும், அதை எடுக்கக்கூடாதாம். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருந்தார்: "ஓடவில்லை. தண்ணீர் இல்லை." கீழே பெயர், அவருடைய கம்பெனி நம்பர், தேதி.

திவ்யா பார்த்துவிட்டாள். "சார், என்ன சார் பண்றீங்க! எடுங்க சார், ப்ளீஸ்" என்று அழுகிற குரலில் சொன்னாள். அவர் அசையவில்லை. அதற்குள் இயக்குநர் இறங்கி வந்துவிட்டார். வெள்ளைத் தலைமுடி, மெலிந்த தேகம், தமிழர்தான். கோலாட்டப் பிள்ளைகளைத் தாண்டி நேராகக் கதவருகில் போய்ச் சீட்டைப் படித்தார். ரெண்டாவது கதவின் சீட்டையும் படித்தார். ஆறையும் படித்தார்.

"யார் இதை மாட்டினது?"

"நான்தான் சார்."

"குழாயில தண்ணி வருதே?" இயக்குநர் திறந்து காட்டினார். தண்ணீர் கொட்டியது.

"இன்னிக்கு லாரி வந்துச்சி சார். நாளைக்கு வராது."

இயக்குநர் திவ்யாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நானும் தரையைத்தான் பார்த்தேன். அப்போது மங்காவின் குரல் வந்தது. "கட்டடத்த கொற சொல்லாதீங்க சார். ஆடு கட்டறதுக்கு ரொம்ப நல்லா கீது. மயைக்கி ஒரு சொட்டு ஒயுகல."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. இவரைப் பார்த்து, "பிளான்ட்ல இந்தச் சீட்டு தொங்கினா என்ன பண்ணுவோம்?" என்று கேட்டார்.

"லைன நிறுத்துவோம் சார்."

"அப்போ நிறுத்துங்க" என்றார். பேச்சு, மாலை, நினைவுப் பரிசு எல்லாம் நின்றது. பந்தலில் போட்டிருந்த நாற்காலி ஒன்றை இழுத்து மங்காவுக்குப் போட்டு, இன்னொன்றில் தான் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அவளைப் பேசவிட்டுக் கேட்டார். மங்காவுக்குக் கேட்கவா வேண்டும்! கோலாட்டத்தை மட்டும் நிறுத்த விடவில்லை. "புள்ளைங்க காலைலேர்ந்து பவுடர் பூசிக்கினு நிக்குது, பாத்துட்டுப் போங்க" என்றாள். இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனாலும் ரெண்டு நாளில் இவருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விருந்தினர் முன்னால் நிறுவனத்துக்குத் தலைகுனிவு என்று அவருடைய பிரிவு அதிகாரி எழுதியிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அவருக்கு ஸ்கூல் போகிற பெண் ஒருத்தி இருந்தாள். என்ன பதில் எழுதினீர்கள் என்று கேட்டேன். நகலைக் காட்டினார். மூன்றே வரி. "தண்ணீர் வரவில்லை. சீட்டு மாட்டினேன். தண்ணீர் வந்ததும் எடுப்பேன்." அந்தக் கடிதம் பிறகு என்னவாயிற்று என்று அவருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

நாலு மாசம் சீட்டுகள் தொங்கின. வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஸ் கலரானது. பஞ்சாயத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, கம்பெனியே ஆழ்குழாய் போட்டு மோட்டார் வைத்தது. தண்ணீர் வந்த அன்று ரிப்பன் கிடையாது. அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து, குழாயைத் திறந்து, ஒரு பக்கெட் நிரம்பும்வரை நின்று பார்த்து, சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மங்காவின் இடுப்பில் மூன்று மாசப் பேத்தி. ஆடுகளுக்குத்தான் ரொம்ப நாள் புரியவில்லை. வழக்கமான நேரத்துக்கு வந்து கதவை முட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அதற்கப்புறம் பஸ் வருவது நின்றுபோனது. கம்பெனியிலிருந்து மாசத்துக்கு நாலு பேராக வந்தார்கள். வருவதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகினவர்களுக்கு ஸ்பானர் பிடிக்க இவர் சொல்லிக்கொடுத்தார். திவ்யாவும் வந்தாள். முதல்முறை ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு, நகம் உடைந்த விரலை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த மங்காவுக்குப் பொறுக்கவில்லை. "குடு இப்டி. சும்மா பாத்துக்கினு இருந்தா கை நமநமங்குது" என்று ஸ்பானரைப் பிடுங்கினாள். ஒரு வருஷத்தில் அவளும் இன்னும் ரெண்டு பெண்களும் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கைப்பம்பு நின்றாலும் போய்ப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். பஞ்சாயத்தே அவர்களைக் கூப்பிட்டது.

பிறகு கம்பெனி அவரை வடக்கே புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலைக்கு மாற்றியது. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல்முறையாக அவர் மனைவியைக் கூட்டிவந்திருந்தார். பெண்களோடு பெண்களாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மங்கா, "உன் வூட்டுக்காரரு மாதிரி ஆளு கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்மா. உன் வூட்ல எல்லாம் புதுசு மாதிரி இருக்குமே?" என்றாள்.

அந்த அம்மா அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "எங்க வூட்டு சமையக்கட்டுக் குழா ரெண்டு வருஷமா ஒயுகுதுக்கா. அடியில பக்கெட் வெச்சிக்கினு கீறேன். கேட்டா அடுத்த செவ்வா, அடுத்த செவ்வான்றாரு. செவ்வா ஆனா வண்டிய எடுத்துக்கினு உங்க ஊருக்கு வந்துடறாரு!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேடையில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டார்கள். அவர் மைக் ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

பரீட்சை லீவு விட்டதும் வந்த செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு மங்கா என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் மஞ்சள் பை. "கெளம்பு டீச்சர், வாலாஜாபாத்துல சார் வூட்டுக்குப் போலாம். விலாசம் உனக்குத்தான் தெரியும்."

பஸ் பிடித்துப் போனோம். அவர் அப்போதுதான் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டு, "என்ன டீச்சர், மோட்டார் நின்னு போச்சா?" என்று பதறினார்.

"ஒண்ணும் நிக்கல. நவுரு நைனா" என்று மங்கா அவரைத் தாண்டி நேராகச் சமையற்கட்டுக்குள் போனாள். "வாங்கக்கா, நாஷ்டா சாப்ட்டுட்டு..." என்ற அவர் மனைவியிடம் "வேல முடியட்டும்மா" என்று சொல்லிவிட்டு, மெயின் வால்வை மூடி, மஞ்சள் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் குந்தி, குழாயைக் கழற்றத் தொடங்கினாள். அவர் வாசற்படியில் நின்றார். ரெண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தார், பின்னால் கட்டினார், கடைசியில் பொறுக்கமாட்டாமல், "மங்காம்மா, அந்த நட்டு கொஞ்சம் டைட்டா இருக்கும், நான் வேணா..." என்று குனிந்தார்.

"எனக்குத் தெரியும். இருட்டா கீது. டார்ச் இருந்தா புடி."

அவர் டார்ச்சை எடுத்து வந்து முட்டி போட்டுப் பிடித்தார்.

"மூஞ்சிக்குக் காட்டாத நைனா, நட்டுக்குக் காட்டு!"

மனைவி கதவில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பெரிய கம்பெனியின் மெயின்டனன்ஸ் சார் வெளிச்சத்தைத் திருப்பிப் பிடித்தார்.